ஸ்டேடியம் வரட்டும், ஒப்பந்தத்தை முதலில் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவைக்கு சர்வதேச கிரிக்கெட் ஸ்டேடியம் என்று 2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் மு.க. ஸ்டாலின் வாக்குறுதி கொடுத்ததிலிருந்து எங்கள் பக்கத்து டீக்கடைகளில் இந்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. ஒண்டிப்புதூர் திறந்தவெளிச் சிறை இடத்தைச் சொன்னார்கள், அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், அதற்குள் திருச்சி ரோட்டில் சென்ட் என்ன விலைக்குப் போகும் என்று புரோக்கர்கள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்டேடியம் வந்தால் ஐபிஎல் வரும், ஐபிஎல் வந்தால் ஓட்டல் நிறையும், ஊர் எங்கேயோ போய்விடும் என்கிறார்கள். நானும் கிரிக்கெட் என்றால் சோறு தண்ணீர் மறக்கிற ஆள்தான். ஆனால் யார் காசில் கட்டப்போகிறார்கள், கட்டி முடித்த பிறகு வருகிற காசு யாருக்குப் போகும் என்று கேட்டால் மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

முதலில் அணி வைத்திருப்பவர்களின் வரவைப் பார்ப்போம். 2008-ல் இந்தியா சிமெண்ட்ஸ் சென்னை அணியை 9.1 கோடி டாலருக்கு எடுத்தது, அப்போதைய கணக்கில் சுமார் 360 கோடி ரூபாய். 2021-ல் லக்னோ அணி போன விலை 7,090 கோடி. பதின்மூன்று வருஷத்தில் இப்படி ஏறியதற்குக் காரணம் கேலரியில் உட்கார்ந்து விசில் அடிக்கிற நாம் இல்லை, டிவியும் செல்போனும்தான். 2023 முதல் 2027 வரை ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடிக்கு விற்றது, ஒரு ஆட்டத்துக்கு 118 கோடி விழுகிறது. இதில் கிட்டத்தட்ட பாதி அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. செலவு பக்கம் பார்த்தால், வீரர்களை எடுக்க 2025-ல் ஒரு அணிக்கு உச்சவரம்பு 120 கோடி, அதற்கு மேல் போக விதியே இடம் கொடுக்காது. ஆக வரவு முன்கூட்டியே தெரியும், பெரிய செலவுக்கு மூடி போட்டாயிற்று. 2025-ல் நம்ம சிஎஸ்கே பத்தாவது இடத்தில் வந்து நின்றது, தூக்கம் கெட்டது நமக்குத்தான், டிவி பங்கில் பெரிதாகத் துண்டு விழுந்திருக்காது. இவ்வளவு நிச்சயமான வியாபாரத்துக்கு ஆடுகிற இடத்தையும் வரிப்பணத்தில் கட்டிக் கொடுக்க வேண்டுமென்றால், ஊர்க்காசில் கல்யாண மண்டபம் கட்டி, மொய்யை மட்டும் மாப்பிள்ளை வீட்டாரை எடுத்துக்கொள்ளச் சொன்ன கதைதான்.

சரி, அணி வருவதால் ஊருக்கு ஓரளவாவது லாபம் இருக்காதா என்று கேட்கலாம். ஒரு அணிக்குச் சொந்த ஊரில் லீக் ஆட்டங்கள் ஏழுதான், அதுவும் ஒழுங்காக நடந்தால். சேப்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016, 2017-ல் சிஎஸ்கேக்குத் தடை. 2018-ல் திரும்பி வந்து ஒரே ஒரு ஆட்டம் ஆடினார்கள், காவிரிப் போராட்டத்தால் மீதி ஆறும் புனேக்குப் போய்விட்டது, ரசிகர்களை ஸ்பெஷல் ரயிலில் ஏற்றிக்கொண்டு போனதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். 2019-ல் ஆட்டங்கள் நடந்தன, ஆனால் ஐ, ஜே, கே கேலரிகளைத் திறக்க அனுமதி கிடைக்காமல் இறுதி ஆட்டம் ஹைதராபாத்துக்குப் போனது (கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய கேலரி வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தது, அது தனிக் கதை). 2020-லிருந்து 2022 வரை கொரோனாவால் சிஎஸ்கே அங்கே ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆக ஏழு சீசனில் முழுதாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அந்த வருஷங்களில் ஐபிஎல் இல்லாததால் சென்னை வியாபாரம் படுத்துவிட்டது என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? கொரோனாவால் படுத்தது வேறு விஷயம். ஆட்டம் இல்லாத ராத்திரி ஜனங்கள் சினிமாவுக்கோ பிரியாணிக்கடைக்கோ போகிறார்கள், காசு எப்படியும் அதே ஊரில்தான் செலவாகிறது. கட்சி பேதமில்லாமல் பொருளாதாரக்காரர்கள் ஒத்துப்போகிற விஷயங்கள் குறைவு. ஸ்டேடியத்துக்குப் போட்ட அரசுப் பணம் ஊருக்குத் திரும்பி வராது என்பது அதில் ஒன்று.

டிக்கெட்டுக்கு வரி வருமே என்பார்கள். உண்மைதான், 2025 செப்டம்பரில் ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆனது, அதில் மாநிலத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் ஆட்ட நாளில் நிற்கிற போலீஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டாமா? மும்பையில் ஆட்டம் நடத்துகிறவர்கள் போலீஸுக்குக் கட்ட வேண்டிய பாதுகாப்புக் கட்டணத்தை முன்தேதியிட்டு ஏன் குறைத்தீர்கள் என்று 2024-ல் மும்பை உயர் நீதிமன்றமே மகாராஷ்டிர அரசைக் கேட்க வேண்டி வந்தது.

தூரத்து உதாரணம் வேண்டாம், பக்கத்து திருவனந்தபுரத்தைப் பாருங்கள். காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழக நிலத்தில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக ஒரு ஸ்டேடியம். தனியார் கட்டி நடத்தும், அரசு வருஷாவருஷம் தவணையாகப் பணம் கொடுக்கும், 15 வருஷம் கழித்துத் திரும்ப ஒப்படைக்கும் என்று ஏற்பாடு. காகிதத்தில் அருமையாகத்தான் இருந்தது. கட்டியது ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதிக் குழுமம். 2018-ல் அந்தக் குழுமமே கவிழ்ந்தது. அப்புறம் பராமரிப்பு யார் பொறுப்பு என்று இழுபறி. 2021-ல் அந்த மைதானத்தை ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்குக் கொடுத்தார்கள், அந்த நேரத்தில் அங்கே நடக்கலாம் என்று பேசப்பட்ட பெண்கள் சர்வதேசத் தொடர் கைநழுவிப் போனது. கேரளத்துக்கென்று இருந்த ஒரே ஐபிஎல் அணியான கொச்சி டஸ்கர்ஸ் 2011-ல் ஒரே சீசனோடு மூடு விழா கண்டது. ஸ்டேடியம் இருந்தால் அணி தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஒருநாள் காரியவட்டம் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

வந்த அணி நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவில் ஓக்லாந்து என்று ஒரு ஊர். ரைடர்ஸ் என்ற அவர்களுடைய அமெரிக்கன் ஃபுட்பால் அணி 1982-ல் லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போய்விட்டது. 1995-ல் திரும்பி வரவழைக்க நகரமும் மாவட்டமும் கடன் பத்திரம் விற்று ஸ்டேடியத்தைப் பெரிதாக்கின. லாஸ் வேகாஸ் ஓட்டல் அறை வரியிலிருந்து 75 கோடி டாலர் தருகிறோம் என்றதும் அணி 2020-ல் அங்கே போய்விட்டது, கடன் தவணை மட்டும் ஓக்லாந்து ஜனங்கள் தலையில். கூடைப்பந்து அணி அதற்கு முந்தைய வருஷமே எதிர்க்கரை சான் பிரான்சிஸ்கோவுக்குப் போயிருந்தது. 2024-ல் பேஸ்பால் அணியும் கிளம்பியது, அதற்கும் வேகாஸில் 38 கோடி டாலர் வரை அரசுப் பணம் தருவதாக ஒப்புதல். இதில் கூடைப்பந்துக்காரர்கள் மட்டும் புது அரங்கத்தைச் சொந்தக் காசில் கட்டினார்கள். முதலாளிகளால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

நம்மிடமே சாட்சி இருக்கிறது. வாழப்பாடி பக்கம் சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானம், நத்தத்தில் என்பிஆர் கல்லூரி மைதானம், ஏன், நம் கோவையிலேயே ராமகிருஷ்ணா கல்லூரி மைதானம், இங்கெல்லாம் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டங்கள் நடந்திருக்கின்றன, டிவியில் வந்தன, கூட்டமும் வந்தது. மற்ற நாளில் பையன்கள் பயிற்சி செய்கிறார்கள். நாற்பதாயிரம் பேர் உட்காரும் கேலரி இல்லாமலே நடராஜன் மாதிரி ஆட்கள் சின்னப்பம்பட்டியிலிருந்து இந்திய அணிக்குப் போனார்கள்.

அதற்காக ஸ்டேடியமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. டெண்டர் விடுவதற்கு முன்னால் ஒப்பந்தத்தைத் தமிழில் இணையத்தில் போடுங்கள். நிலம் குத்தகை என்றால் வருஷ வாடகை எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை உயரும்? கேட் வசூல், விளம்பரப் பலகை, கேலரிக்கு வைக்கிற பெயர், பார்க்கிங், இதில் அரசுக்கு எத்தனை சதவீதம்? ஆட்டமே வராத வருஷம் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார், ராட்சத விளக்குக்கு கரண்ட் பில் கட்டுவது யார்? நடத்துகிற கம்பெனி பாதியில் கைவிட்டால் சாவி யாரிடம் வரும்? பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் எத்தனை நாள் மைதானம் இலவசம் என்பதையும் எழுத்தில் கொடுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். ஐபிஎல் அணி ஏதாவது இங்கே ஆட விரும்பினால் இத்தனை சீசனுக்குக் குறையாமல் ஆடுவோம், போனால் இவ்வளவு கட்டுவோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஆடட்டும்.

உங்கள் நாளிதழின் கோவை நிருபர் யாராவது இந்தக் கேள்விகளை அப்படியே எடுத்துக்கொண்டு போய் விளையாட்டுத் துறையிடம் கேட்டு, வருகிற பதிலை வெட்டாமல் அச்சிட்டால் நல்லது. பதில் வரவில்லை என்றால் அதையும் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
சிங்காநல்லூர் வாசகர், கோவை