பெயரில்லாத வரிக்குப் பெயர் ஒட்டிய கைகளுக்கு நன்றி

சார்லட் நகரத் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கத்து வீட்டு ஓவியரம்மாவின் காகித ஓவியக் கண்காட்சி சனிக்கிழமையோடு முடிந்தது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் அடிமைத்தளை நீங்கியதைக் கொண்டாடும் ஜூன்டீன்த் விடுதலை நாளை ஒட்டி, அவர் போகும் தேவாலயத்தின் கூடத்தில் பன்னிரண்டு படங்களை வைத்திருந்தோம். "உன் ஆட்களுக்கு உன் மொழியிலேயே நன்றி சொல்லு" என்றார். அதற்குத்தான் இந்த மடல்.

வர முடியாமல் போனவர்களுக்காக ஒரே ஒரு படத்தைச் சொல்கிறேன். அதன் அடித்தாள், 1860-ஆம் ஆண்டு அடிமைக் கணக்கெடுப்பின் நகல். முதலாளிக்கு அதில் பெயர் உண்டு. அவரிடம் அடிமைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு வயது, பால், நிறம், அவ்வளவுதான். விடுதலைக்குப் பிறகு, 1870 கணக்கெடுப்பில்தான் அந்த மக்கள் பெயரோடு வருகிறார்கள். "9, பெண், கறுப்பு" என்றொரு வரி. பத்து வருடம் கழித்து அதே ஊர்ப் பட்டியலில் 19 வயதுப் பெண் ஒருத்தி, பெயரோடு. இருவரும் ஒருவர்தான் என்று அடித்துச் சொல்ல வழியில்லை. ஆனாலும் ஓவியரம்மா அவளைத் தன் பூட்டியாக ஏற்றுக்கொண்டார். பழைய வரியின் மேல் அந்தப் பெயரை வெட்டி ஒட்டி, சுற்றிலும் கிழிந்த பாட்டுப்புத்தகத் தாள்கள், அவுரிச் சாயத் துணி. மேல்விளிம்பில் மட்டும் வெளிர்நீலம். கரோலினா கடற்கரையில் வாழும், ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த 'கல்லா' (Gullah) என்ற மக்கள் கெட்ட ஆவி அண்டாமலிருக்கத் திண்ணைக் கூரையில் பூசும் நீலம் அது.

இதே சார்லட்டில் 1911-இல் பிறந்த கறுப்பின ஓவியர் ரோமரி பியர்டன்தான் ஓவியரம்மாவுக்குக் குரு மாதிரி. வெட்டிய காகிதத்தில் ரயிலையும் மந்திரக்காரக் கிழவிகளையும் கண்முன் நிறுத்தியவர்.

மைதாப் பசையைக் கட்டிதட்டாமல் காய்ச்சிக்கொடுத்த அண்ணாவுக்கு முதல் நன்றி. திறப்புக்கு இரண்டு நாள் முன்னால் ஓர் அச்சகம் நகல்களின் ஓரத்தை வெட்டிவிட்டது. பெயர்கள் பாதியில் நின்றன. ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி அச்செடுத்துத் தந்த தங்கையே, நீ இல்லாவிட்டால் அந்தப் படமே இல்லை. மேசை தூக்கிய பிள்ளைகளுக்கும் புளியோதரை கட்டிவந்த அக்காமாருக்கும் மனமார்ந்த நன்றி. கூடத்தைத் திறந்துவிட்டு, வாசலில் நின்று பாடிய தேவாலயப் பெரியவர்களை எப்படி மறப்பேன்!

மிஞ்சிய நீலத்தாளில் ஓவியரம்மா உங்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை செய்திருக்கிறார். பெயரைத் தமிழிலேயே எழுதவேண்டும் என்று என்னிடம் எழுத்துக் கேட்டு, 'ழ'வை மட்டும் நான்கு தடவை அழித்து எழுதினார். அட்டைகள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.