எத்தனை நாடு என்பது இருக்கட்டும், ஒரு நாள் எப்படிப் போகும் என்று எழுதிக் கொடுங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் வெளிநாட்டு டூர் நடத்தும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். நான் காவேரிப்பட்டணம் பக்கம். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரர் போன பிறகு, பென்ஷன் காசில் உங்களைப் போன்றவர்களோடுதான் நாலு இடம் பார்த்து வருகிறேன். உங்கள் தொழிலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் இல்லையென்றால் என்னைப் போன்ற ஆட்கள் தனியாக ஏர்போர்ட் வாசலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டோம், அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ரவுண்டானாவில் ஒட்டுகிற நோட்டீஸிலும் வாட்ஸாப்பில் அனுப்புகிற படத்திலும் ஊர்ப் பெயர்கள் மட்டும்தான் இருக்கின்றன. காலையில் எத்தனை மணிக்கு எழுப்புவீர்கள், எவ்வளவு நடக்க வேண்டும், எங்கே உட்கார முடியும், எதற்குத் தனிக்காசு, இது ஒன்றும் அதில் இல்லை. பணம் கட்டுகிறவர்களுக்கு அதுதான் வேண்டும்.

முதலில் நாள் கணக்கு. "5 இரவு 6 நாள்" என்று போடுகிறீர்கள். விமானம் நள்ளிரவில். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரின் தேவனஹள்ளி ஏர்போர்ட் 120 கிலோமீட்டருக்கு மேல், தருமபுரிக்காரர்களுக்கு அதற்கு மேலும் ஒரு மணி நேரம் வரும். அத்திப்பள்ளி, சில்க் போர்டு, ஹெப்பால் என்று ஒவ்வொரு இடத்திலும் வண்டி நின்று நின்று போவதால், மதியமே வேனை எடுத்துவிடுகிறீர்கள். சரி, அதில் தப்பில்லை. ஆனால் அந்த மதியம் முதல் நாளாகிவிடுகிறது, விமானத்தில் கழுத்து வலிக்கத் தூங்கும் இரவும் ஓர் இரவாகிவிடுகிறது, கடைசி நாள் என்பது காலைச் சாப்பாடு முடித்து ஏர்போர்ட்டுக்குக் கிளம்புவது மட்டும். கழித்துப் பார்த்தால் ஊர் பார்க்கக் கிடைப்பது நாலு நாளுக்கும் கம்மி. அதை அப்படியே போட்டால் என்ன? நாலு நாளுக்கு இந்த விலை என்று தெரிந்தாலும் வருகிறவர்கள் வரத்தான் செய்வார்கள்.

நாடுகளின் கணக்கு இன்னும் வேடிக்கை. ஐரோப்பா நோட்டீஸில் "7 நாடுகள்" என்று இருந்தால் அதில் வாடிகன் ஒன்று, லீக்டென்ஸ்டைன் ஒன்று. வாடிகன் ரோம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, அரை சதுர கிலோமீட்டர்கூடக் கிடையாது. லீக்டென்ஸ்டைன் மொத்தமே 160 சதுர கிலோமீட்டர்தான், நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் அந்த மாதிரி முப்பது நாட்டை வைக்கலாம். சுவிட்சர்லாந்திலிருந்து போகும்போது எல்லை எங்கே வந்தது என்றே தெரியாது. வடூஸ் என்ற ஊரில் இறக்கிவிட்டு, காசு கொடுத்து பாஸ்போர்ட்டில் ஞாபகத்துக்கு ஒரு முத்திரை குத்திக்கொள்ளச் சொல்லி, ஒரு காபி குடித்ததும் ஏற்றிக்கொள்வார்கள். அழகான ஊர்தான். ஆனால் அதை ஒரு நாடாக எண்ணி விலையை நியாயப்படுத்தினால் கணக்கு டீச்சருக்குச் சிரிப்பு வராதா?

அடுத்து, "பார்ப்பது" என்றால் என்ன? நோட்டீஸில் ஈஃபிள் கோபுரம், கொலோசியம் என்று எல்லாம் இருக்கும். ஆங்கிலத்தில் அச்சடித்த பக்கத்தில் மட்டும் பொடி எழுத்தில் "போட்டோ ஸ்டாப்", "டிரைவ் பாஸ்ட்" என்று இருக்கும். போட்டோ ஸ்டாப் என்றால் இறங்கி, வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு ஏறுவது. டிரைவ் பாஸ்ட் என்றால் அதுவும் இல்லை, ஓடும் பஸ்ஸிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பது, நீங்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தால் பக்கத்துச் சீட்டுக்காரரின் தலையைப் பார்ப்பது. உள்ளே போக டிக்கெட் எங்கெங்கே சேர்ந்திருக்கிறது, எங்கெங்கே இல்லை என்று தமிழில், பெரிய எழுத்தில் ஒரு தாள் போட எவ்வளவு நேரமாகும்?

இதில் எனக்கு ஆறாத வருத்தம் பத்துமலைதான். நம் பக்கத்திலிருந்து மலேசியா போகிற பாதிப் பேர் முருகனுக்காகவே போகிறார்கள். 272 படி. கீழே 42 மீட்டருக்கு மேல் உயரமான முருகன் நிற்கிறார், 2006இல் திறந்தது. நான் போன டூரில் அந்த இடத்துக்குக் கொடுத்த நேரம் முக்கால் மணி. கழிப்பறைக்குப் போய் வரிசையில் நின்று வந்தாலே அதில் கால்வாசி போய்விடும். எங்கள் குழுவில் பாப்பாரப்பட்டியிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, முழங்கால் தேய்ந்தவர், மூன்று வருஷமாகச் சீட்டு கட்டிச் சேர்த்த பணத்தில் வந்தவர். பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுகிறார். குரங்கு வந்து கையிலிருந்த தேங்காய்ப் பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அதற்கும் சிரித்துக்கொண்டே ஏறினார். பாதிக்குக் கொஞ்சம் மேலே போயிருப்பார், கீழேயிருந்து டூர் பையன் கொடியை ஆட்டி "டைம் ஆச்சு, எல்லாரும் வாங்க" என்று கூப்பிட்டுவிட்டான். இறங்கி வந்துவிட்டார். அன்று மதியம் எங்களை ஒரு சாக்லேட் கடையில் ஒண்ணேகால் மணி நேரம் உட்கார வைத்தார்கள்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் கையில் இருந்த தாளில் எழுதியிருந்த நேரத்தைத்தான் அவன் சொன்னான். அந்தத் தாளை எங்களுக்கு முன்கூட்டியே காட்டியிருந்தால் பாப்பாரப்பட்டியம்மா ஊரிலேயே சண்டை போட்டு ரெண்டு மணி நேரம் வாங்கியிருப்பார்.

கடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சாக்லேட், ரத்தினக்கல், ரப்பர் மெத்தை, தோல் பை என்று நாட்டுக்கொரு கடை. அங்கே நாம் வாங்கினால் கமிஷன் வருகிறது, அந்தக் கமிஷனை நம்பித்தான் டூர் விலையையே குறைக்கிறார்கள் என்பது இப்போது எல்லாருக்கும் தெரிந்த கதை. இது தாங்காமல்தான் சீனா 2013இல் சட்டமே போட்டது, அடிமாட்டு விலைக்கு டூர் விற்று அங்கே கூட்டிப்போய்க் கடையில் தள்ளக் கூடாது என்று. தாய்லாந்தும் 2016இல் இப்படிப்பட்ட டூர்களைப் பிடித்து மூடியது. நீங்கள் கடைக்குக் கூட்டிப்போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், எங்கள் ஆட்களுக்கும் வாங்க ஆசை இருக்கிறது. எத்தனை கடை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். வேண்டாம் என்பவர்கள் வெளியே உட்கார்ந்திருக்கலாம் என்றும் எழுதுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஜூஸ் கொடுக்கிற வேலை வேண்டாம்.

"சின்னக் குழு, 15 பேர் மட்டும்" என்கிறீர்களே, அது எந்த இடத்தில் சின்னக் குழு? பெங்களூரில் 15 பேராக ஏறுகிறோம். அங்கே இறங்கியதும் வேறு ஊர்க்காரர்கள் முப்பது பேரோடு ஒரே பஸ்ஸில் சேர்த்துவிட்டால், காசு போட்டுப் போகும் கழிப்பறை வாசலில் 45 பேர் நிற்கிறோம், எல்லாரும் திரும்பி வந்து தலையெண்ணுவதற்குள் அரை மணி நேரம் காலி. ஆள் குறைந்தால் பஸ் வாடகையும் கைடு சம்பளமும் தலைக்கு ஏறும், அது எனக்கும் புரியும். ஏறுகிற தொகையைச் சொல்லிவிட்டு வாங்குங்கள், கொடுப்போம். சேர்ப்பதாக இருந்தால் சேர்ப்போம் என்று சொல்லுங்கள்.

அப்புறம் கூட வருகிறவர் யார் என்பது. இங்கிருந்து வருகிற டூர் மேனேஜர் வேறு, அந்த ஊர்க் கைடு வேறு. தாய்லாந்தில் கைடு வேலை அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான், நம் பையன் மைக்கைப் பிடித்து விளக்கினால் பிரச்சினை. இத்தாலியிலும் கைடுக்கு லைசன்ஸ் வேண்டும். இது தெரியாமல் "இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு மேனேஜர் ஒன்றும் சொல்லவே மாட்டேங்கிறார்" என்று எங்கள் ஆட்கள் முணுமுணுத்தார்கள். எந்த ஊரில் கைடு உண்டு, எந்த மொழியில் பேசுவார், எந்த ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

ஐரோப்பிய டிரைவரைப் பற்றி எங்களிடமும் சொல்லி வையுங்கள், ஏனென்றால் இதில் தப்பு எங்கள் பக்கம். நம்மூர் வேன் டிரைவரிடம் "அண்ணா, அந்தக் கோவிலுக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்திடலாம்" என்று கேட்டுப் பழகிவிட்டோம். அங்கே நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும், ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம், எல்லாம் வண்டியிலுள்ள கருவியில் பதிவாகும், மீறினால் அபராதம். கெஞ்சிப் பிரயோஜனமில்லை. பாரிஸிலிருந்து சுவிட்சர்லாந்து போகிற நாளில் பஸ்ஸிலேயே பொழுது போய்விடும் என்பதையும் நோட்டீஸில் ஒரு வரி போடுங்கள். முன் சீட்டுக்குத் தினமும் ஆளை மாற்றுங்கள், புண்ணியமாகப் போகும். அந்தச் சீட்டுக்கு நடந்த சண்டை மாதிரி நான் ஊர்த் திருவிழாவில்கூடப் பார்த்ததில்லை.

சாப்பாடு. ஆயுத பூஜை லீவையும் காலாண்டு லீவையும் பார்த்து நீங்கள் புறப்படுவது புரட்டாசியில், பாதிப் பேர் அந்த மாதம் கவிச்சி தொடமாட்டார்கள். வியட்நாமில் காய்கறி என்று வருவதில்கூட மீன் சாஸ் ஊற்றியிருப்பார்கள், "சாய்" என்று அவர்கள் சொல்கிற சுத்த சைவம் வேண்டுமென்று தனியாகக் கேட்க வேண்டும். கோழி சாப்பிடுகிறவர்களும் மாடு, பன்றி இல்லையே என்று ஒவ்வொரு தட்டையும் முகர்ந்து பார்க்கிறார்கள். புக்கிங் பாரத்திலேயே இதைக் கேட்டுவிடுங்கள். களி கிடைக்காது என்பது எங்களுக்கும் தெரியும், காவேரிப்பட்டணம் நிப்பட் ஒரு பை இருந்தால் சமாளித்துவிடுவோம். ஐரோப்பாவுக்கு என்றால் பால்கோவா, நெய், இறைச்சி எதுவும் பெட்டியில் வைக்கக் கூடாது, மாம்பழமும் சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள் என்று முன்பே சொல்லுங்கள். அங்கே மகன் வீடு இருக்கிறது என்று நம்மூர் மாம்பழம் ஒரு பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர் எந்தக் குழுவிலும் ஒருத்தராவது இருப்பார்.

பணம் கடைசி, ஆனால் சின்ன விஷயமில்லை. நான் தனி ஆள். அறையைப் பகிர ஆள் கிடைத்தால் ஒரு விலை, கிடைக்காவிட்டால் தனி அறைக்குக் கூடுதல். அந்தக் கூடுதலைப் புறப்படுவதற்கு முந்தின வாரம் போனில் சொல்வது அநியாயம். எங்களைப் போன்ற தனிப் பெண்கள் இப்போது நிறைய வருகிறோம், முதல் நாளே எழுதுங்கள். வெளிநாட்டு டூருக்குப் பணம் வாங்கும்போதே டி.சி.எஸ். என்ற வருமான வரிப் பிடித்தம் செய்வது சட்டம், பிடியுங்கள், ஆனால் அது எங்கள் பான் எண்ணில் ஏறுகிறதா என்று காட்டுங்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம், வரியே இல்லையென்றால் திரும்பவே வாங்கலாம் என்பது பல பென்ஷன்காரர்களுக்குத் தெரியாது, அதை டூர் செலவு என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, மறுத்தாலும் அந்தக் காசு வராது, கைரேகைக்கு ஆளே நேரில் போக வேண்டும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்சூரன்ஸ் வேண்டும். விசா மறுக்கப்பட்டால் உங்களிடம் கட்டியதில் எவ்வளவு திரும்ப வரும்? பி.பி.யும் சுகரும் இருப்பதை இன்சூரன்ஸ் பாரத்தில் எழுதினீர்களா, இல்லை "பிரீமியம் ஏறும்மா" என்று விட்டுவிட்டீர்களா? டிப்ஸ் தினமும் எவ்வளவு? இதற்கெல்லாம் பதில் உங்களிடம் இருக்கிறது. கேட்டால் சொல்கிறீர்கள், கேட்கத் தெரியாதவர்களுக்குத்தான் தெரியாமல் போகிறது.

பொங்கல் முடிந்து எங்களில் சிலர் வியட்நாம் போக நினைக்கிறோம், பாப்பாரப்பட்டியம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு நாளுக்கும் எழுப்பும் நேரம், நடை, படி, கடை, சாப்பாடு, தனிக்காசு எல்லாம் போட்டுத் தமிழில் தாள் கொடுக்கிறவரிடம் முன்பணம் கட்டுவோம். ஹா லாங் விரிகுடாவில் போகிற படகில் தனி கேபினுக்கு என்ன விலை என்பதையும், அங்கே தீவில் ஏறச் சொல்கிற நானூற்றுச் சொச்சம் படியில் ஏறாதவர்கள் எங்கே உட்காரலாம் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு பழைய கணக்கு டீச்சர்