17 நிமிடம் முந்திய கடிதம்

அன்பு நண்பனுக்கு,

நலம், உன் நலமறிய ஆவல். விஸ்கான்சின் மாநிலத்தில் மகள் வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. இந்தப் பக்கத்து மக்கள் அமெரிக்கக் கால்பந்தின் மீது இத்தனை பித்தாக இருப்பதற்குக் காரணம் என்ன என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தாய். அதற்கு விடையாக, இங்கே ஆடிய டான் ஹட்சன் என்ற பழைய ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்த மாநிலத்தின் கிரீன் பே என்ற ஊரின் அணியான கிரீன் பே பேக்கர்ஸ் 1919இல், இறைச்சி பதப்படுத்தும் நிறுவனம் ஒன்று சீருடைக்குக் கொடுத்த பணத்தில் தொடங்கியது. ஆட்டக்காரர்கள் வேறு வேலை பார்த்தவர்கள். தொப்பி ஏந்தி வசூலித்த காசைப் பங்கிட்டபோது முதல் ஆண்டில் ஆளுக்கு 16.75 டாலர் கிடைத்ததாம். அப்படிப்பட்ட ஊருக்கு 1935இல் அலபாமா பல்கலைக்கழகத்திலிருந்து ஹட்சன் வந்தார். அவர் புரூக்ளின் அணிக்கும் கையெழுத்திட்டிருந்ததால், எந்த ஒப்பந்தம் செல்லும் என்பதை லீக்கின் தலைவர் ஜோ கார் அஞ்சல் முத்திரையைப் பார்த்து முடிவு செய்தார் என்றும், கிரீன் பேயின் கடிதம் 17 நிமிடம் முந்தியிருந்தது என்றும் சொல்கிறார்கள். அந்த 17 நிமிடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி முன்னேறுவதே பெரும்பாலான அணிகளின் வழக்கமாக இருந்த காலத்தில், கிரீன் பேயின் பயிற்சியாளர் கர்லி லாம்போ பந்தை வீசி ஆடுவதில் நம்பிக்கை வைத்திருந்தார். வேறு ஊருக்குப் போயிருந்தால் ஹட்சனின் கால்களுக்கு அங்கே என்ன வேலை இருந்திருக்கும்?

சிகாகோ பேர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தின் முதல் நகர்விலேயே அந்தக் கால்களின் அருமை தெரிந்துவிட்டது. ஹட்சன் அவசரமே இல்லாதவர்போல நீண்ட எட்டுகள் வைத்து ஓடி, காவலுக்கு நின்றவர் அசந்த நொடியில் வேகத்தைக் கூட்டி அவரைத் தாண்டிவிட்டார். ஆர்னி ஹெர்பர் வீசிய பந்து அவர் கைக்கு வந்து சேர்ந்தது. 83 கெஜம், ஒரு டச்டவுன், அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்த்துப் புள்ளி எடுப்பது. அந்த ஆட்டம் 7-0 என்றே முடிந்தது.

1942இல் அவர் 74 பந்துகளைப் பிடித்தார். அவருக்கு அடுத்து வந்தவர் பிடித்தவை 27. போர்க்காலத்தில் நல்ல ஆட்டக்காரர்கள் படைக்குப் போயிருந்தார்கள் என்பது உண்மைதான். அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், போருக்கு முந்திய ஆண்டுகளின் கணக்கும் அவர் பக்கமே நிற்கிறது என்பது என் கருத்து. 1945இல் டெட்ராய்டுக்கு எதிராக ஆட்டத்தின் நான்கு பகுதிகளுள் ஒன்றிலேயே 29 புள்ளி எடுத்தார். அவற்றுள் ஐந்து, டச்டவுனுக்குப் பின் அவரே காலால் உதைத்துச் சேர்த்தவை. அந்த ஆண்டோடு ஓய்வு பெற்றபோது பந்து பிடித்து அவர் எடுத்த டச்டவுன்கள் 99. 1989இல் ஸ்டீவ் லார்ஜென்ட் அந்தக் கணக்கைத் தாண்டியபோது ஹட்சனுக்கு வயது 76. நாற்பத்து நான்கு ஆண்டுகள் நின்ற தம் சாதனை முறியடிக்கப்பட்டதைக் கேட்க அவர் உயிரோடு இருந்தார் என்பதில் எனக்கு ஏனோ ஒரு மகிழ்ச்சி.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? விரிவாக எழுது.

என்றும் அன்புடன்,
உன் தோழன்