“வெள்ளம்னா தண்ணிதானே, டீச்சர்?”

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வகுப்பறையில் புதுமை என்ற பேச்சு வந்தாலே சார்ட்டும் தெர்மாகோல் வீடும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கத்துத் தமிழ்வழி வகுப்புகளுக்கு அது போதாது. பிள்ளைகள் எந்த இடத்தில் தப்பாகச் சொல்வார்கள் என்று முந்தின நாளே யோசித்து, அந்தத் தப்பு தானாக வெளியே வரும்படி ஒரு கேள்வியைத் தயார் செய்வதுதான் பாடத் திட்டத்தில் இருக்கிற கற்பனை. மற்றதெல்லாம் ஒட்டு வேலை.

குறள் 595-ஐ எடுத்துக்கொள்வோம். ‘வெள்ளத் தனைய மலர்நீட்டம் மாந்தர்தம் உள்ளத் தனையது உயர்வு.’ பொருள் சொல்லாமல் கரும்பலகையில் எழுதிவிட்டு, “வெள்ளம் என்றால் என்ன?” என்று மட்டும் கேட்க வேண்டும். பாதிப் பேர் பெருக்கெடுத்து ஓடும் வெள்ளம் என்பார்கள். கடையிலும் விளையாட்டிலும் மலையாளம் பேசுகிற மீதிப் பேருக்குத் தண்ணீர் என்றுதான் தோன்றும். ஆனால் வாய் திறக்க மாட்டார்கள். தமிழ் வகுப்பில் மலையாளத்தை இழுக்காதே என்று ஏற்கெனவே திட்டு வாங்கியவர்கள். இரண்டு விடையையும் எழுதிப் போட்டுவிட்டு, எது சரி என்று சொல்லாமல் விட வேண்டும்.

இனிச் செய்முறை. வாய்ப்பகுதியை வெட்டிய ஐந்து லிட்டர் கேன், ஒரு சாண் நூல், கைப்பிடி அளவுக் கல், தெர்மாகோல் துண்டு (அதற்கும் ஒரு நல்ல உபயோகம் இருக்கட்டுமே). நூலின் ஒரு முனையில் கல், மறுமுனையில் தெர்மாகோல். அதைக் கேனில் இறக்கித் தண்ணீரை மெல்ல ஊற்றினால் ‘பூ’ உயரும். நூலின் நீளத்தைத் தண்ணீர் தாண்டியதும் பூ முழுகிப்போகும். கல் சிறிதாக இருந்தால் தெர்மாகோல் கல்லையே தூக்கிவிடும், பாடம் கெட்டுப்போகும். முன்கூட்டி ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. பூ முழுகியதும் எப்படியும் ஒரு பிள்ளை கேட்கும்: “அப்போ குளத்துல மட்டும் ஏன் முழுகறதில்ல?” நூல் வளராது, ஆம்பல் தண்டு வளரும். தண்ணீர் எவ்வளவோ தண்டு அவ்வளவு. பரிமேலழகரும் இங்கே நீர் என்றுதான் பொருள் கொள்கிறார் என்பதைக் கடைசியில் சொன்னால் போதும். மலையாளம் தெரிந்த பிள்ளை அன்றைக்கு நிமிர்ந்து உட்காரும்.

மறுநாள் அதன் தொடர்ச்சியாக அவசரம், விஷமம், சம்சாரம். மலையாளத்தில் முறையே வாய்ப்பு, வருத்தம், பேச்சு. நான்கைந்து சொற்களுக்கு மேல் போனால் வகுப்பு சிரிப்பரங்கமாகிவிடும். ‘பட்டி’யை (மலையாளத்தில் நாய்) யாராவது கட்டாயம் சொல்வார்கள், அதற்கென்று ஐந்து நிமிடம் ஒதுக்கி வைப்பது புத்திசாலித்தனம்.

கணக்கிலும் இப்படிச் செய்யலாம், நாளிதழ்ச் செய்தியைக் கொண்டே. தமிழ்நாடும் கேரளமும் 1970-இல் கையெழுத்திட்ட பரம்பிக்குளம்–ஆழியாறு நதிநீர் ஒப்பந்தப்படி சித்தூர்ப் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர். டீக்கடையில் எல்லோரும் இந்த எண்ணைச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள். எத்தனை லிட்டர் என்று கேட்டால் பதில் வராது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. மளிகைக்கடை அட்டைப்பெட்டியை வெட்டி, பக்கத்துக்கு 30.5 செ.மீ. வைத்து ஒரு கன அடிப் பெட்டி செய்யச் சொல்லுங்கள். பிள்ளைகளின் ஸ்கேல் 30 செ.மீ.தான், அந்த அரை செ.மீட்டரை நிச்சயம் விட்டுவிடுவார்கள். விடட்டும், திருத்தாதீர்கள். 28.3 லிட்டர் கொள்ள வேண்டிய பெட்டி 27 லிட்டராகிவிடும். கால்குலேட்டர் எட்டு இலக்கத்தோடு நின்றுவிடுவதால், கோடியைத் தனியே எடுத்து வைத்து 725-ஐ 28.3-ஆல் பெருக்க வேண்டும்: சுமார் 20,500 கோடி லிட்டர். பிறகு அவர்கள் செய்த பெட்டியை வைத்துப் பெருக்கினால் 900 கோடி லிட்டருக்கு மேல் காணாமல் போயிருக்கும். அரை செ.மீ. செய்த வேலை! துல்லியம் பற்றித் தனியாக உரை தேவைப்படாது.

இதற்கெல்லாம் செலவு கிடையாது, இடம்தான் இல்லை. ஆசிரியர் பாடத் திட்டம் எழுதி வைக்கும் டீச்சிங் மேனுவலில் ஒரு பக்கம் செயல்பாடு, மறுபக்கம் பிள்ளைகளின் எதிர்வினை. மேலே சொன்ன தப்பான விடைகள், நூல் பற்றிய கேள்வி, குறைந்துபோன அரை செ.மீ. எல்லாம் வந்து சேர வேண்டிய பக்கம் அது. ஆனால் பல மேனுவல்களில் வகுப்புக்கு முன்பே, முதல் நாள் இரவே, “பெரும்பாலானோர் ஆர்வத்துடன் பங்கேற்றனர்” என்று அதை நிரப்பியாகிவிடுகிறது. பார்வைக்கு வருகிறவர்கள் பக்கம் நிரம்பியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பவர் குறைவு. எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சிப் பள்ளிகளில் 2022 முதல் தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டக் கையேடு தயாராகவே கைக்கு வருகிறது. வேலை மிச்சம்தான், ஆனால் தன் வகுப்புப் பிள்ளையின் தப்பை எந்தக் கையேடும் முன்கூட்டிச் சொல்லாது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எதிர்வினைப் பக்கத்தை வகுப்பு முடிந்த பிறகே எழுத வேண்டும். வாரம் ஒரு தப்பான விடையாவது, பிள்ளை சொன்ன சொல்லிலேயே, அதில் இருக்க வேண்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கிளஸ்டர் கூட்டத்தில் அரை மணி நேரம் அவற்றை வாசிக்கலாம். பென்சிலால் எழுதவும் அடித்துத் திருத்தவும் அனுமதி வேண்டும். இப்போது அடித்தல் இருந்தால் சிவப்பு மை விழுகிறது.

இப்படிக்கு,
தமிழ்வழி ஆசிரியர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை.