உன் தம்பி பையன் கார்த்தியோட கூகுள் ப்ரொபோசல் ஏன் செலக்ட் ஆவலன்னு கேட்டியே

டேய் சேகரு,

ஓசூர்ல வீடு மாத்திட்டேன்னு போட்டிருந்த, தண்ணி பிரச்சனை இல்லாத வீடா கெடச்சிதேன்னு சந்தோஷம். இங்க கத்திரி பொறந்துடுச்சி, சத்துவாச்சாரி மலைங்க பகல் பூரா சூட்ட வாங்கி வச்சிகினு ராத்திரி பத்து மணிக்கு மேல திருப்பி விடுது, ஃபேன் போட்டா அனல் தான் அடிக்குது. அம்மா முட்டி வலின்னு சொல்லிகினே என்ன விட வேகமா மாடி ஏறுது, அதுக்கு ஒரு கொறையும் இல்ல.

சரி, கார்த்தி விஷயம். கூகுள் சம்மர் ஆஃப் கோட்ல, அதான் யார் வேணா கோட பாத்து திருத்தற ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்ல வேலை செய்ய புதுசா வர்றவங்களுக்கு கூகுள் காசு குடுக்கற திட்டத்துல, அவன் பேரு வரல, இங்கிலீஷ் சுமாரா இருக்கறதால தான் தள்ளிட்டாங்களான்னு கேட்டிருந்த. அவன் அனுப்பன பிடிஎஃப்ப நான் முழுசா படிச்சேன்டா, இங்கிலீஷ் எல்லாம் நல்லா தான் இருக்குது, சொல்லப்போனா ரொம்பவே நல்லா இருக்குது, அதான் எனக்கு மொத டவுட்டே. இப்ப எல்லா ப்ரொபோசலும் ஏஐ கிட்ட குடுத்து பாலிஷ் போட்டு ஒரே மாதிரி வருது, பத்து படிச்சா பதினொண்ணாவதுல என்ன இருக்கும்னு கண்ண மூடிகினு சொல்லலாம். கார்த்தி டைம்லைன்ல மொத ரெண்டு வாரம் 'கோட புரிஞ்சிக்கிறது', கடைசி ரெண்டு வாரம் 'டாக்குமெண்டேஷன்', நடுவுல அந்த ப்ராஜெக்ட் நடத்தற ஆர்கனைசேஷன் என்னென்ன வேலை இருக்குதுன்னு ஐடியா பேஜ்ல எழுதன வரியவே திருப்பி போட்டிருக்கான். எந்த ஃபைல்ல கை வெக்க போறான், எங்க மாட்டிக்குவான், ஒண்ணும் தெரியல.

செலக்ட் ஆனவங்களுக்கு வழிகாட்டற மென்டருங்க நாங்க உக்காந்து மார்க் போடறது எப்படின்னு சொல்றேன், ஆர்கனைசேஷனுக்கு ஆர்கனைசேஷன் மாறும், எங்க ப்ராஜெக்ட்ல இப்படி. ஒவ்வொரு ப்ரொபோசலையும் கொறஞ்சது ரெண்டு மென்டர் தனித்தனியா படிச்சி ஒரு ஷீட்ல 1-லருந்து 5 வரைக்கும் போடுவோம், அடுத்தவன் என்ன போட்டான்னு பாக்காம. அப்பறம் ஃபோன் கால்ல பேசுவோம். ரெண்டு பேரும் 4 போட்டிருந்தா அத பத்தி யாரும் பேசறதே இல்ல, ஒருத்தன் 5 இன்னொருத்தன் 2ன்னு வந்தா தான் சண்டை, அங்க தான் உண்மையான வேலையே நடக்குது. போன தடவ அப்படி ஒண்ணு. பிடிஎஃப்லருந்து தமிழ் காப்பி பண்ணி ஒட்டினா 'கொ' வர வேண்டிய எடத்துல கொம்பு முன்னாடி போய் தனியா நிக்கும், பாத்திருப்ப. கண்ணுக்கு தெரியற வரிசையிலயே எழுத்த உருவிகினு வந்துட்டா அப்படி ஆவும். அத சரி பண்றதுக்கு ஒரு பொண்ணு எழுதியிருந்துது, ரெண்டே முக்கா பக்கம், பார்மேட்டிங் கண்றாவி. ஆனா உடையற அஞ்சு வார்த்தைய டெஸ்ட் ஃபைலா போட்டு, எந்த ஃபங்ஷன்ல வரிசை மாறுதுன்னு காட்டி, 'இத மாத்தினா மலையாளமும் வங்காளமும் உடைய சான்ஸ் இருக்குது, அதுக்கு என்ன பண்றதுன்னு இன்னும் தெரியல'ன்னு எழுதியிருந்துது. இன்னொரு மென்டர் 'ப்ளான் முடிவா இல்ல'ன்னு 2 போட்டாரு, நான் 5. அந்த தெரியலன்ற வரிக்கு தான்டா 5. கோட தொறந்து பாக்காதவனுக்கு அந்த சந்தேகமே வராது. ஒரு மணி நேரம் பேசி அவரையும் 4க்கு ஏத்தினேன்.

அதுக்கு மேல ஸ்லாட் கணக்கு இருக்குது, எத்தன பேர எடுக்கலாம்ன்ற கணக்கு, வெளிய இருக்கறவங்களுக்கு அது தெரியறதில்ல. எங்களுக்கு கொறஞ்சது இத்தன அதிகபட்சம் இத்தன வேணும்னு கூகுள் கிட்ட நாங்க கேக்கணும், அவங்க எத்தன குடுக்கறாங்களோ அத்தன பேர் தான் லிஸ்ட்ல மேலருந்து. ஒரே ஐடியாக்கு ரெண்டு சூப்பர் ப்ரொபோசல் வந்தாலும் ஒருத்தர் தான். மென்டர் ஆள் இல்லன்னாலும் அவ்ளோ தான், ஏன்னா நாங்க எல்லாம் சம்பளம் இல்லாம ஆபீஸ் முடிச்சிட்டு பண்றவங்க, ஒருத்தருக்கு ஜூலைல கொழந்த பொறக்க போவுதுன்னா அந்த ப்ராஜெக்ட் அந்த வருஷம் கெடையாது, ப்ரொபோசல் எவ்ளோ நல்லா இருந்தாலும்.

இதுல எனக்கே உறுத்தறது ஒண்ணு இருக்குது. முன்னாடியே கோட்ல ஒரு திருத்தம் பண்ணி சின்னதா பேட்ச் போட்டு, சாட்ல வந்து பேசி, சொன்னத திருத்தி அனுப்பனவங்க மேல தானா ஒரு நம்பிக்கை வந்துடுது. அது தப்பில்ல, எப்படி வேலை செய்வாங்கன்னு அதுல தான் தெரியும். ஆனா பெரிய காலேஜ்ல சீனியர் ஏற்கனவே பண்ணியிருப்பான், டிசம்பர்லயே 'போய் உக்காரு'ன்னு சொல்லி குடுத்துடுவான். குடியாத்தம் பக்கம் ஒரு காலேஜ்ல படிக்கறவனுக்கு இப்படி ஒண்ணு இருக்குதுன்னு தெரியறதே மார்ச்ல. அதனால எத்தன பேட்ச்னு நான் எண்றதில்ல, ஒரே ஒரு பேட்ச் போட்டிருந்தாலும் ரிவ்யூல கேட்டதுக்கு என்ன பதில் சொன்னான்னு தான் பாப்பேன். எங்க டீம்ல எல்லாரும் ஒத்துக்கல, இன்னும் அடிச்சிகினு தான் இருக்கோம்.

கார்த்தி கிட்ட இன்னொண்ணும் சொல்லு. 350 மணி நேர ப்ராஜெக்ட்ட எடுத்துட்டு, மே மாசம் செமஸ்டர், ஜூன்ல இன்டர்ன்ஷிப்புன்னு அவனே கீழ எழுதியிருக்கான், கூட்டி பாத்தா யாருக்கும் ஒதைக்கும். 175, இல்ல 90 மணி நேரத்துல சின்னதா ஒண்ணு கேட்டிருந்தா நெலம வேற. அப்பறம் கடைசி நாள் நம்ம ஊரு டைமுக்கு ராத்திரி பதினொன்ற மணிக்கு க்ளோஸ், பத்தர மணிக்கு 'சார் ப்ளீஸ் ரிவ்யூ'ன்னு மெசேஜ் போட்டா எந்த மென்டரும் படிக்க மாட்டான், நானும் தூங்கிட்டிருப்பேன்.

அடுத்த வருஷம் எங்க ப்ராஜெக்ட்டுக்கே போடட்டுமான்னு கேட்டிருந்த. தாராளமா போடட்டும், ஆனா அவனுது வந்தா நான் மார்க் போட மாட்டேன், டீம்ல சொல்லிட்டு ஒதுங்கிக்குவேன், அதுல நீ மொகம் தூக்காத. இப்பவே சொல்லி குடுக்கறதுல ஒண்ணும் தப்பில்ல, சாட் ரூம் எல்லாருக்கும் தொறந்து தான் இருக்குது.

பரீட்ச முடிஞ்சதும் லேப்டாப் எடுத்துகினு காட்பாடி வர சொல்லு, ஸ்டேஷன்ல நான் கூட்டிகினு வரேன். எங்க ப்ராஜெக்ட் கோட எறக்கி ஓடற மாதிரி பில்ட் பண்ணி வச்சிட்டு வரட்டும், இங்க நெட் படுமோசம். நீயும் வந்தா ஆற்காடு போய் மக்கன் பேடா சாப்டலாம், உனக்கு சுகர் ஏறிடுச்சின்னு தங்கச்சி சொல்லிச்சி, அதனால நீ பாத்துகினு இரு.

பாபு