கோதிக் என்றால் பேய்ப் பாணி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இதழில் நம் யாங்கோன் போ அவுங் ஜோ தெரு மரியன்னை பேராலயத்தின் படம் வந்திருந்தது. அதன் கீழே, கோத் இனத்தார் உருவாக்கிய திகில் கட்டடப் பாணிதான் கோதிக் என்று போட்டிருந்தீர்கள். என் பேத்தி அதைப் படித்துவிட்டு, "தாத்தா, நாம பூசைக்குப் போறது பேய்க் கோயிலா?" என்று கேட்டாள். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

கோத் என்பவர்கள் பழைய ஜெர்மானிய இனத்தார். 410-இல் அலாரிக் தலைமையில் ரோமாபுரியைச் சூறையாடினார்கள், அது உண்மை. ஆனால் அதற்கு முன்பே, 4-ஆம் நூற்றாண்டில், உல்ஃபிலா என்ற ஆயர் அவர்கள் மொழிக்கென்று எழுத்தை உண்டாக்கி விவிலியத்தை அதில் பெயர்த்துவிட்டார். ஊதாத் தோல் ஏட்டில் வெள்ளி மையால் எழுதிய ஒரு பிரதி இன்றும் ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 711-இல் அரேபியர் படை வந்தபோது ஸ்பெயினில் இருந்த அவர்கள் அரசும் சரிந்தது.

சரி, இந்தக் கட்டடப் பாணி எப்போது வந்தது? பாரிசுக்குப் பக்கத்தில் சாந்தெனி மடாலயக் கோவிலை மடாதிபதி சூஜே இந்தப் பாணியில் மாற்றிக் கட்டியது 1140 வாக்கில். நடுவில் 400 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது, இதில் கோத்துக்கு என்ன பங்கு? அரைவட்ட வளைவு சுவரை வெளியே தள்ளும், அதனால் சுவர் தடியாக வேண்டும், ஜன்னல் சின்னதாகத்தான் வைக்க முடியும். கோதிக்கின் கூம்பிய வளைவில் பாரம் பெரும்பகுதி கீழ்நோக்கி இறங்குகிறது, மிச்சத்தை வெளியிலிருந்து முட்டுக் கொடுக்கும் கல் தாங்கிகள் வாங்கிக்கொள்கின்றன, ஆகவே சுவர் இருந்த இடத்தில் ஆளுயரத்துக்குப் பல மடங்கு வண்ணக் கண்ணாடி வைக்க முடிந்தது. வெளிச்சத்தை உள்ளே கொண்டுவரக் கட்டியதைப் போய் இருட்டு, திகில் என்கிறோம்!

பழைய நாளில் இதைப் பிரெஞ்சு வேலை என்றுதான் சொன்னார்கள். அப்புறம் 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் ஓவியர் வசாரி போன்றவர்கள், ரோமானிய வளைவும் தூணும்தான் அழகு என்று நினைத்தவர்கள், இது ரோமைக் கெடுத்த மிலேச்சர் வேலை என்று கோத்துகளின் தலையில் கட்டினார்கள். வசவாக வந்த சொல்தான் பெயராக நின்றுவிட்டது. பேய் வந்து சேர்ந்தது அதற்கும் பிறகு. இங்கிலாந்தில் ஹொரஸ் வால்போல் 1764-இல் ஒரு பழங்கோட்டையை வைத்து அமானுஷ்யக் கதை எழுதி, மறுவருடப் பதிப்பில் அதைக் கோதிக் கதை என்று குறித்தார். கறுப்பு உடை, கறுப்புக் கண்மை, சோகப் பாட்டு என்று இளைஞர்கள் கோத் ஆனது 1970-களின் கடைசிக்குப் பிறகு.

அடுத்தவர் வைத்த பெயர் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்று நமக்குத் தெரியாதா? ஃபிராங்க் என்ற இன்னொரு ஜெர்மானிய இனத்தின் பெயர் அரபு வழியாகச் சுற்றிவந்து நம் வாயில் பறங்கியாகி, போர்ச்சுகீசியரையும் குறித்து, கடைசியில் பறங்கிக்காயில் உட்கார்ந்திருக்கிறது. இந்த ஊர்ப் பர்மிய மொழியில் நாற்காலிக்குக் கலாதைங், கொண்டைக்கடலைக்குக் கலாபே. கடையில் அதைச் சொல்லி வாங்கும்போது ஒன்றும் தோன்றாது. இந்தியரைக் குறிக்கும் அதே கலா என்ற சொல்லைத் தெருவில் ஒருவன் வசவாக நம் முகத்துக்கு நேரே வீசினால் எப்படி இருக்கும் என்று இங்கே பிறந்து வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் கோத் மக்களைத் திகிலோடு சேர்த்து எழுதியது எனக்கு உறுத்தியது, அவர்கள் இன்று இல்லாமல் போனாலும்.

இன்னொன்று. மரியன்னை பேராலயம் யோஸ் கைப்பர்ஸ் என்ற டச்சுக்காரர் வரைந்தது, வேலை தொடங்கியது 1895-இல். போஜோ சந்தைக்குப் பக்கத்து ஹோலி டிரினிட்டி பேராலயத்துக்கு 1886-இல் அடிக்கல் நாட்டினார்கள், அதை வரைந்தவர் மெட்ராஸ் செனட் ஹவுசைக் கட்டிய சிஷோம். சென்னை சாந்தோமில் இப்போது நிற்கும் கோவிலும் 1896-இல் முடிந்த இதே வகைதான். இவை எல்லாம் பழைய பாணியை 19-ஆம் நூற்றாண்டில் திரும்ப எடுத்துக் கட்டியவை, ஆகவே புதுக் கோதிக் என்று எழுதுவதே சரி.

அடுத்த ஞாயிறு இதழில் அதே படத்தைத் திருத்திய குறிப்போடு போடுங்கள். முடிந்தால் உள்ளே நின்று, நடுக்கூடத்தின் கூம்பு வளைவுகள் வரிசையாகத் தெரியும்படி எடுத்த படமாக இருக்கட்டும். பேத்திக்கு வெட்டி வைத்துக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
போட்டடாங் வாசகர், யாங்கோன்