மூட்டின் விலையோடு பஸ் செலவையும் சேருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

செயற்கை முழங்கால் மூட்டுகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கம்ப்யூட்டர் மூட்டுதான் உசத்தி, மற்றதெல்லாம் வசதியில்லாதவர்களுக்கு என்பதுபோல் அது முடிந்திருந்தது. லாரி மோதி என் வலது காலை முழங்காலுக்கு மேலே, தொடையில் வெட்டி எடுத்து 14 வருஷமாகிறது. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் எனக்குக் கிடைத்தது லாக் மூட்டு; லாக்கை எடுத்துவிட்டால்தான் மடங்கும், இல்லையென்றால் நேராகவே நிற்கும். ரேஷன் கடையில் நாள் முழுக்க நின்று எடை போடுபவன் நான். மடங்கி விழுந்துவிடுமோ என்ற பயமே இல்லாமல் நிற்க முடிந்தது. ஆனால் நடக்கும்போது விறைத்த காலைச் சுற்றிப் போட்டுத்தான் எடுத்து வைக்க வேண்டும். இடுப்பு வலி தாங்காது. பஸ்ஸில் லாக்கை எடுக்க மறந்து உட்கார்ந்தால் கால் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும்.

அப்புறம் நான்கு இணைப்புகள் கொண்ட மூட்டுக்கு மாறினேன். மடங்கும்போது கால் கொஞ்சம் குட்டையாவதால் நுனி தரையில் இடிக்காது. குதிகாலில் பாரம் விழும்போது உறுதியாக நிற்கும். சென்னை ஐஐடி 2022-இல் வெளியிட்ட 'கதம்' மூட்டும் இந்த வகைதான். அது 160 டிகிரி வரை மடங்கும் என்கிறார்கள். பஸ் சீட்டிலும் ஆட்டோவிலும் ஒடுங்கி உட்காருபவர்களுக்கு அதன் அருமை தெரியும். குறையும் உண்டு. என்னுடைய மூட்டு ஒரே வேகத்துக்குத்தான் சரி. அவசரமாக நடந்தால் கீழ்க்கால் பின்தங்கித்தான் வரும்.

கம்ப்யூட்டர் மூட்டை ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். 1997-இல் ஜெர்மனியின் ஆட்டோபாக் நிறுவனம் கொண்டுவந்த சி-லெக் என்ற மூட்டின் வழியில் வந்தது. சென்சார்கள் ஒவ்வொரு அடியையும் கவனித்து, உள்ளே இருக்கும் ஹைட்ராலிக் பிடிமானத்தை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. சரிவில் இறங்கும்போது என் கை கைப்பிடியைத் தேடவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதே நினைப்புதான். ஆனால் விலை பல லட்சம். தவறாமல் சார்ஜ் போட வேண்டும். பழுதானால் கம்பெனிக்குத்தான் போக வேண்டும்; எங்கள் ஊர்ப் பட்டறையில் கை வைக்க மாட்டார்கள்.

கட்டுரை தொடாத இன்னொன்று சாக்கெட், அதாவது மிச்சமிருக்கும் தொடையை நுழைத்துக்கொள்ளும் கிண்ணம் போன்ற பகுதி. தொடை வற்ற வற்ற சாக்கெட் லூஸாகும், உரசும், புண்ணாகும். அப்போது எந்த மூட்டும் உதவாது. முகாம் ஒன்றில் என் நண்பருக்கு இலவசமாக நல்ல கால் கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் சாக்கெட் ஆடிப்போனது. சரிசெய்ய நகரத்துக்கு மூன்று முறை போக வேண்டும், மூன்று நாள் கூலி போகும். இப்போது அவர் ஊன்றுகோலில் நடக்கிறார். கால் பரணில் கிடக்கிறது.

மூட்டின் விலையோடு சாக்கெட் மாற்றும் செலவு, பஸ் செலவு, போன கூலி எல்லாவற்றையும் கூட்டித்தான் எது மலிவு என்று சொல்ல வேண்டும். அடுத்த முறை கால் வழங்கும் விழாச் செய்தியைப் போடும்போது, ஆறு மாதம் கழித்து சாக்கெட்டை யார், எந்த ஊரில் சரிசெய்து தருவார்கள் என்று அமைப்பாளர்களிடம் உங்கள் நிருபர் கேட்டு, அந்தப் பதிலையும் சேர்த்துப் போடுங்கள்.

– ஒரு வாசகர், திண்டுக்கல்